ராம்ஸ்டைனின் 'ஸேன்ஸுக்ட்': மொழி புரியாத காதுக்கு என்ன கேட்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஒரு வார்த்தையும் புரியாமல் ராம்ஸ்டைன் என்ற ஜெர்மன் ராக் குழுவின் 1997 ஆல்பமான 'ஸேன்ஸுக்ட்'டை மூன்று மாதங்களாக விடாமல் கேட்கிறீர்கள். முழுக்க ஜெர்மன் மொழியில் பாடப்பட்ட ஒன்று அமெரிக்கா வரை எப்படி ஓடியது என்று வியக்கிறீர்கள். கூடவே, "அது நாஜிக்காரர்களின் இசை" என்று நண்பர் ஒருவர் சொன்னது உறுத்துகிறது. மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: மொழி தெரியாதவன் இந்தப் பாட்டில் எதைக் கேட்கிறான், எதைத் தவறவிடுகிறான்?

நான் ஒலிக்கலவை செய்கிறவன். இருபது ஆண்டுகளாக இதுதான் தொழில். அதில் ஆறு ஆண்டுகள் பெர்லினில். ஜெர்மன் மொழி அங்கே பிழைப்புக்காகக் கற்றது, இலக்கியம் சொல்லித்தரும் அளவுக்கு வராது. இந்த ஆல்பம் பதிவான அறையிலும் நான் இருந்ததில்லை. ஆகவே ஆண்டு, இடம், தரவரிசை என்று நான் சொல்பவை பதிவில் இருப்பவை. ஒலியைப் பற்றிச் சொல்பவை என் காது சொல்பவை. எது எது என்று போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் ஆட்கள். பாடகர் டில் லிண்டமன், கிடாரில் ரிச்சர்ட் க்ரூஸ்பேயும் பால் லாண்டர்ஸும், பேஸ் கிடாரில் ஒலிவர் ரீடல், டிரம்ஸில் கிறிஸ்டோஃப் ஷ்னைடர், கீபோர்டில் 'ஃப்ளாகே' என்று எல்லோரும் அழைக்கும் கிறிஸ்டியன் லோரென்ஸ். 1994இல் பெர்லினில் சேர்ந்த இந்த ஆறு பேரில் ஒருவர்கூட இதுவரை மாறவில்லை. ராக் உலகில் இது கிட்டத்தட்ட அதிசயம். ஆறு பேரும் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள், பெர்லின் சுவர் விழுந்தபோது பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். லிண்டமன் இளம் வயதில் ரோஸ்டாக் நகரில் போட்டி நீச்சல்வீரர்; பிறகு கூடை முடைந்து பிழைத்தார்; ஷ்வெரின் நகரில் ஒரு குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தார். பாட வந்தது அதற்கெல்லாம் பிறகு. ஃப்ளாகேயும் லாண்டர்ஸும் 'ஃபீலிங் பி' என்ற பங்க் குழுவில் வாசித்தவர்கள். அன்றைய கிழக்கு ஜெர்மனியில் மேடையேறி வாசிக்க அரசின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தேர்வுக் குழுவின் முன்னால் வாசித்துக்காட்டித் தரம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில் தேறியவர்களுக்கு, வார்த்தையில் ஒன்றைச் சொல்லி அடியில் இன்னொன்றை வைப்பது கைவந்த கலையாக இருந்ததில் வியப்பில்லை. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம்தான், ஆனால் பின்னால் தேவைப்படும்.

சுவர் விழுந்த பிறகு கிழக்கின் குழுக்கள் பலவும் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்க ஒலியைப் பிடிக்க முயன்றன. க்ரூஸ்பேயே அப்படி ஒரு குழுவில் இருந்தவர்தான். அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்தபின், தான் இருக்கும் மண்ணிலிருந்து வருவதை வாசிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1995இல் முதல் ஆல்பமான 'ஹெர்ட்ஸெலைட்' வந்தது. ஸ்டாக்ஹோமில் பதிவு, தயாரிப்பாளர் ஸ்வீடன்காரரான ஜேக்கப் ஹெல்னர். ஜெர்மனிக்குள் நன்றாகவே பேசப்பட்டது. ஆனால் உடைத்துக்கொண்டு வெளியே வந்தது இரண்டாவது ஆல்பம்தான்.

அந்த உடைப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்கக் கூடாது. குழு தன் இசைத்தட்டை அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சுக்கு அனுப்பி, ஒரு பாடலுக்கு வீடியோ எடுத்துத் தருமாறு கேட்டது. அவருக்கு நேரமில்லை. ஆனால் 1997இல் வெளியான தன் 'லாஸ்ட் ஹைவே' படத்தில் முதல் ஆல்பத்தின் இரண்டு பாடல்களைப் பயன்படுத்திக்கொண்டார். அந்தப் படத்தின் இசைத்தட்டைத் தொகுத்தவர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் டிரெண்ட் ரெஸ்னர். அதே தட்டில் டேவிட் போவியும் மர்லின் மேன்சனும் இருந்தார்கள். அமெரிக்கக் காதுகளுக்கு இதைவிட நல்ல அறிமுகச் சீட்டு கிடைக்காது. அதே ஆண்டு ஏப்ரலில் 'எங்கல்' தனிப்பாடலாக வந்து ஜெர்மன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. ஜூலையில் 'டூ ஹஸ்ட்'. ஆகஸ்ட் 22 அன்று ஆல்பம். ஜெர்மனியில் முதலிடம். அமெரிக்காவில் 1998 தொடக்கத்தில் வெளியாகி, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 45ஆம் இடத்தைத் தொட்டு, பிற்பாடு பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் வாங்கியது. 1998 இலையுதிர் காலத்தில் கார்ன் குழுவின் 'ஃபேமிலி வேல்யூஸ்' சுற்றுப்பயணத்தில் ஐஸ் கியூப், லிம்ப் பிஸ்கிட் ஆகியோரோடு அமெரிக்க அரங்குகளில் தீ கக்கினார்கள். அடுத்த ஆண்டு 'டூ ஹஸ்ட்' கிராமி பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, 'மேட்ரிக்ஸ்' படத்தின் இசைத்தட்டிலும் இடம்பெற்றது. லிஞ்ச் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. மெதுவாக நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஜெர்மன் மொழியே அமெரிக்காவுக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். 1984இல் ஜெர்மன் பாடகி நேனாவின் பலூன் பாட்டு ஜெர்மன் வடிவத்திலேயே அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. 1986இல் ஆஸ்திரியாவின் ஃபால்கோ முதலிடத்தையே பிடித்தார். ஆனால் அவை ஒற்றைப் பாட்டுகள், ஒரு கோடைக்கால விருந்தாளியைப் போல வந்து போனவை. ஒரு முழு ஆல்பம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது வேறு விஷயம். அது ஏன் என்பதற்குத்தான் என் தொழில் கொஞ்சம் உதவும்.

கனமான கிடார் இசையைக் கலக்கும் எவரையும் கேளுங்கள், முதல் தலைவலியாகக் குரலைச் சொல்வார்கள். முறுக்கேறிய கிடாரின் உயிர் இருப்பது நடு அதிர்வெண்களில். பாடகரின் உயிரெழுத்துகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. இரண்டும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும். வழக்கமான தீர்வு, பாடகர் மேல் ஸ்தாயியில் கத்துவது. 'ஸேன்ஸுக்ட்' வேறு வழியில் போகிறது. கிடார்கள் இடைவிடாமல் ஓடுவதில்லை. வலமும் இடமுமாக இரண்டு சுவர்கள் போல எழும்பி, உள்ளங்கையால் அமுக்கப்பட்டு, சட்டென்று நிற்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் நடுவே உண்மையான மௌனம் இருக்கிறது. கீழே நடன அரங்குகளில் கேட்கும் நேரான நான்கடித் தாளம். குழுவே தன் இசையை 'நடன மெட்டல்' என்று சொல்லிக்கொண்டது இதனால்தான். அந்த மௌனங்களுக்குள் லிண்டமனின் தாழ்ந்த குரல், எதிரொலி அதிகம் பூசாமல், காதருகே பேசுவதுபோல வைக்கப்பட்டிருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரியும்.

இங்கே மொழி உள்ளே வருகிறது. தமிழில் ஒரு சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. வெளியிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால்கூட வாயில் ஓர் உகரத்தைச் சேர்த்து மென்மையாக்கிக்கொள்கிறோம். ஜெர்மன் நேர் எதிர்: சொல்லின் இறுதியில் மெல்லிய 'd' ஒலி இருந்தாலும் அதைக் கடினமாக்கி 'ட்' என்று வெட்டிவிடுவது அம்மொழியின் விதி. 'ஹஸ்ட்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ்' ஒலி டிரம்ஸில் ஹைஹாட் தட்டு உரசுவதுபோல இருக்கிறது, 'ட்' அந்தத் தட்டு மூடுவதுபோல. இந்த ஓசைகள் கிடார் எட்டாத உயர் அதிர்வெண்களில் விழுகின்றன. அதாவது லிண்டமனின் உயிரெழுத்துகள் கிடாருக்குக் கீழே ஓடுகின்றன, மெய்யெழுத்துகள் கிடாருக்கு மேலே தெறிக்கின்றன. மொழி தெரியாத காது அதை வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை, இன்னொரு தாள வாத்தியமாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மூன்று மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா? ஆவணம் காட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குறிப்பு மனதில் நிற்கிறது. ஆல்பம் மால்டா தீவில் பதிவானது. தயாரிப்பாளர் மீண்டும் ஸ்வீடன்காரரான ஹெல்னர். கலவை செய்தவர் ரொனால்ட் ப்ரெண்ட், டச்சுக்காரர். கடைசிக் குமிழைத் திருகிய இருவருக்கும் ஜெர்மன் தாய்மொழி கிடையாது. ஜெர்மன்காரர் ஒருவர் கலந்திருந்தால் 'வார்த்தை புரிகிறதா' என்று கேட்டிருப்பார். இவர்கள் 'வார்த்தை ஒலிக்கிறதா' என்று கேட்டிருக்கக்கூடும். அந்தக் கேள்விதான் ஓஹையோவிலும் ஆஸ்லோவிலும் இருந்த காதுகளின் கேள்வியும்.

இனி நீங்கள் தவறவிடுவது. 'டூ ஹஸ்ட்' பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதை எங்கும் 'நீ வெறுக்கிறாய்' என்று மொழிபெயர்த்துப் போட்டிருப்பார்கள். அது பாதி மட்டுமே சரி. அட்டையில் அச்சாகியிருப்பது ஒற்றை 's' கொண்ட சொல், அதன் பொருள் 'நீ கொண்டிருக்கிறாய்'. இரட்டை 's' போட்டால்தான் 'நீ வெறுக்கிறாய்'. உச்சரிப்பில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு கிடையாது. ஐரோப்பியர்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு 'சிலேடை' என்ற ஒரு சொல் போதும். அதிலும் சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதால் செம்மொழிச் சிலேடை.

அதைவிட நுட்பமான ஒன்று இலக்கணத்தில் இருக்கிறது, அதைத் தமிழர்களால் ஆங்கிலேயரைவிட எளிதாகப் பிடிக்க முடியும். ஜெர்மனில் இறந்தகாலத்தைச் சொல்லும்போது துணைவினை முன்னால் வந்துவிடும், உண்மையான வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். லிண்டமன் அந்த வாக்கியத்தை ஒரேயடியாகச் சொல்வதில்லை. 'நீ' என்று நிறுத்துகிறார். மறுபடி தொடங்கி 'ஹஸ்ட்' வரை வந்து நிறுத்துகிறார். மறுபடி 'என்னை' வரை. இதற்குள் கேட்பவர் மனதில் 'நீ என்னை வெறுக்கிறாய்' என்ற வாக்கியம் முழுமையாக உருவாகிவிடுகிறது. பிறகுதான் கடைசி வினை விழுகிறது: 'கேட்டாய்'. நீ என்னைக் கேட்டாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் 'நீ என்னை' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். அடித்தாயா, அணைத்தாயா, மறந்தாயா என்று எதிரில் இருப்பவர் காத்திருக்கத்தானே வேண்டும்? வினை கடைசியில் வரும் மொழிகளுக்கு மட்டுமே வாய்த்த சுகம் அது. கேட்கப்பட்ட கேள்வியோ திருமணச் சடங்கின் கேள்வி, சாவு பிரிக்கும் வரை உண்மையாக இருப்பாயா என்பது. பதில் மிக உரத்த 'இல்லை'.

அமெரிக்கப் பதிப்பின் கடைசியில் இதே பாட்டின் ஆங்கில வடிவமும் 'எங்கல்' பாட்டின் ஆங்கில வடிவமும் சேர்க்கப்பட்டன. விற்பனையாளர்களின் பயம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆங்கிலத்தில் 'வெறுக்கிறாய்' என்பதை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், சிலேடை செத்துவிட்டது. வினை முன்னால் வந்துவிடுவதால் காத்திருப்பும் போய்விட்டது. மெட்டு அதே, வாத்தியங்கள் அதே, குரல் அதே; ஆனால் ஊறவைக்காமல் அரைத்த மாவில் சுட்ட தோசை மாதிரி இருக்கிறது. வானொலிகள் ஜெர்மன் வடிவத்தையே ஒலிபரப்பின. மொழி தடையாக இருந்தும் ஆல்பம் வென்றது என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினால் போதும் என்பது என் கட்சி.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது எனக்குப் பிடித்த இடம். 'ஸேன்ஸுக்ட்' என்பதில் 'க்' வரும் இடத்தை 'அஃது' என்பதிலுள்ள ஆய்தத்தைப் போலத் தொண்டையில் உரசி ஒலிக்க வேண்டும். அகராதி 'ஏக்கம்' என்று சொல்லும், தவறில்லை. ஆனால் பின்பாதியான 'ஸுக்ட்' பழைய ஜெர்மனில் நோயைக் குறித்த சொல். மஞ்சள் காமாலைக்கும் காசநோய்க்கும் வழங்கிய பெயர்களில் அதே ஈறு இருக்கிறது. இன்றைய வழக்கில் அதற்குப் போதை அடிமைத்தனம் என்று பொருள். ஆல்பத்தின் பத்தாவது பாட்டான 'ஐஃபர்ஸுக்ட்', அதாவது பொறாமை, அதுவும் இதே ஈற்றில்தான் முடிகிறது. தேடுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல் என்று ஜெர்மன்காரர்களே சிலர் சொல்வார்கள். ஒலி ஒற்றுமையால் வந்த மயக்கம் அது. ஏக்கத்தை நோய் என்றே பெயரிட்டு, பசலை என்று அதற்கு ஒரு நிறமும் கொடுத்த மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பு அந்நியமாகப் படக் கூடாது. தலைப்புப் பாடலில் ஏக்கம் ஒரு பூச்சியைப் போல ஒளிந்திருந்து தூக்கத்தில் கொட்டுகிறது; ஆப்பிரிக்காவும் மெக்சிகோவும் பெயராக வந்துபோகின்றன. மேலோட்டமாக அது காமத்தின் வரைபடம். எல்லை தாண்டிப் பயணம் போக அனுமதியில்லாத நாட்டில் வளர்ந்தவர்கள் அந்தப் பெயர்களை உச்சரிக்கும்போது எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. இது என் வாசிப்பு, குழு அப்படிச் சொன்னதாக எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள்.

இனி உங்கள் நண்பர். அவர் சொன்னது தவறு, ஆனால் காற்றிலிருந்து பிடித்த தவறு அல்ல. இன்றைய ஜெர்மன்காரர்கள் பெரும்பாலோர் 'ர' ஒலியைத் தொண்டையில் எழுப்புகிறார்கள். லிண்டமன் நம்மைப் போல நுனிநாக்கில் உருட்டுகிறார். நாடக மேடைக்கும் ஓபராவுக்கும் பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட உச்சரிப்பு அதுதான், 1898இல் தியோடர் ஸீப்ஸ் வகுத்த மேடை ஜெர்மன் விதிகளில் இருப்பது. தாழ்ந்த ஸ்தாயியில் அது தானாக வருகிறது என்பது பாடகரின் விளக்கம். ஆனால் ஒரு ஜெர்மன்காரரின் காதில் அந்த உருட்டல் முதலில் எழுப்பும் நினைவு 1930களின் ஒலிபெருக்கிப் பேச்சு. முதல் ஆல்பத்தின் அட்டையில் ஆறு பேரும் மேலாடையின்றி நிற்கும் படத்துக்கே 'ஆள்கிற இனத்தார் போலப் பாவனை' என்று திட்டு விழுந்தது. 'ஸேன்ஸுக்ட்'டின் அட்டைக்கு ஆஸ்திரிய ஓவியர் காட்ஃப்ரீட் ஹெல்ன்வைன் எடுத்த படங்களில் அதே ஆட்களின் முகங்கள் உலோகக் கருவிகளில் மாட்டிக் கோணிக்கிடக்கின்றன. ஆறு பேருக்கும் ஆறு தனி அட்டைகள். பழைய குற்றச்சாட்டுக்கு அது ஒரு பதில் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மறு ஆண்டே, 1998இல், டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் குழுவின் ஒரு பாட்டை மறுபடி பாடி, அதன் வீடியோவில் லேனி ரீஃபென்ஷ்டால் எடுத்த 1936 ஒலிம்பிக் படத்தின் காட்சிகளைப் போட்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்குப் படமெடுத்துக் கொடுத்தவரின் காட்சிகள். எரிந்த கை என்று தெரிந்தே அடுப்பில் வைத்தார்கள் என்றுதான் சொல்வேன். அதிர்ச்சி விளம்பரமாகும் என்பது தெரிந்தவர்கள், அதில் லாபமும் பார்த்தவர்கள். பிறகு 2001இல் தங்கள் இதயம் இடப்பக்கம் துடிக்கிறது என்று ஒரு பாட்டே எழுதினார்கள். அதன் தலைப்பு இடதுசாரி நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் ஐஸ்லரும் 1934இல் ஆக்கிய தொழிலாளர் அணிவகுப்புப் பாட்டை நினைவூட்டுகிறது. அதிகாரத்தின் சீருடையை அணிந்துகொண்டு அதையே கேலி செய்யும் உத்தியை ஸ்லோவேனியாவின் லைபாக் குழு 1980களிலேயே செய்துவிட்டது. அவர்கள் கையில் அது கூர்மையான கத்தி, ராம்ஸ்டைன் கையில் சில நேரம் வாணவேடிக்கை. குழுவின் பெயரே ஒரு துயரத்தின் பெயர்: 1988 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஷ்டைன் விமானத் தளத்தில் நடந்த சாகசக் காட்சியில் விமானங்கள் மோதி விழுந்து 70 பேர் இறந்தார்கள். அதையும் ஒரு கூடுதல் 'm' சேர்த்து, இடித்துத் தள்ளும் கல் என்று பொருள்படும்படி மாற்றிவைத்துக்கொண்டார்கள். நாஜிகள் அல்லர். ரசனைக் குறைவுக்கு அஞ்சாதவர்கள்.

'ஸேன்ஸுக்ட்'டின் பதினோரு பாட்டுகளில் அரசியல் எதுவும் இல்லை என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். இருப்பது வேறு வகை இருட்டு. 'டியர்' (மிருகம்) என்ற பாட்டு வீட்டுக்குள் ஒரு தகப்பன் மிருகமாவதைப் பற்றியது. அந்தத் தாளத்துக்கு நான் பெர்லினில் இளைஞர் கூட்டம் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். வார்த்தை தெரிந்த நான் குதிக்க முடியாமல் நின்றிருக்கிறேன். புரியாமல் ரசிப்பதில் பாதுகாப்பும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. 'எங்கல்' அப்படி இல்லை. சீழ்க்கையில் தொடங்கி, போபோ என்ற பெயரில் பாடும் கிறிஸ்டியானே ஹேபோல்டின் பெண்குரல் நடுவில் மிதக்கும் அந்தப் பாட்டில் விஷயம் மிக எளிது: நல்லவர்கள் செத்தபின் தேவதையாவார்களாம், எனக்கு அது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒரு யோசனை. எட்டாவது பாட்டான 'க்ளவியர்' மெதுவானது. மூன்று மாதங்களில் அதை நீங்கள் பலமுறை தாண்டிப் போயிருப்பீர்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். மூடிய ஒரு கதவு. அதற்குப் பின்னால் ஒரு பியானோ. அதை வாசித்துக்கொண்டிருந்த பெண். கதவைத் திறக்கச் சொல்கிறவர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். இன்றிரவு ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கிடார்கள் உள்ளே வரும் இடத்தில் கதவைத் திறந்தது யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அகராதி எடுக்க வேண்டியிருக்காது.